அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கப்போகும் பெற்றோருக்கு எந்தப் பயணக் காப்பீடு எடுப்பது?

கேட்டவரின் நிலைமை இதுதான்: அப்பாவுக்கு வயது 66, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மே முதல் தேதி கிளம்பி அக்டோபர் 31 வரை அண்ணன் வீட்டில் தங்குகிறார்கள். ஏஜென்ட், "ஐம்பதாயிரம் டாலர் பாலிசி போதும், வியாதியை எல்லாம் படிவத்தில் காட்ட வேண்டாம்" என்கிறாராம்.

தம்பி, நீங்கள் ஐம்பதாயிரமா ஒரு லட்சமா என்பதைத்தான் பெரிதாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த ஏஜென்ட் சொன்னதாகக் கடைசியில் போட்டிருக்கும் வரிக்காக. இதே பேச்சை என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஒருவர் பேசினார்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டை. என் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை மனிதர் மலையை விட்டு இறங்க மாட்டார். அதனால் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதென்றால் ஏப்ரலுக்குப் பிறகு போய் நவம்பருக்குள் திரும்ப வேண்டும். காப்பீடு எடுக்கும் பொறுப்பு என் தலையில். அவருடைய சித்தப்பா மகனே ஏஜென்ட் என்பதால் வேறு யாரையும் கேட்கக்கூடாது என்பது குடும்பத் தீர்மானம்.

அவர் வந்தார், காப்பி குடித்தார், கைப்பேசியிலேயே படிவத்தை நிரப்பத் தொடங்கினார். "ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?" என்ற இடத்தில் என்னிடம் கேட்காமலே "இல்லை" என்று அழுத்தப் போனார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. நான் தடுத்தேன். "அண்ணி, சர்க்கரை என்று போட்டால் பிரீமியம் ஏறும். ரத்தப் பரிசோதனை கேட்டாலும் கேட்பார்கள். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பாலிசி விற்கும் நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள்தான். பணம் கேட்கும் நாளில் எல்லோரும் பார்ப்பார்கள். லீ பஜார் மண்டியில் பல வருடம் கணக்கு எழுதியவள் நான். பொய்ப் பற்று வைத்த பேரேடு ஆடிட்டர் வரும் நாளில்தான் பல்லை இளிக்கும். "உண்டு என்று போடுங்கள், இல்லையென்றால் பாலிசியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு வேறிடத்தில், நம் நாட்டுக் கம்பெனி ஒன்றில், உள்ளதை உள்ளபடி எழுதி எடுத்தேன். பிரீமியம் ஏறத்தான் ஏறியது. அந்தக் கொழுந்தனார் இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறார். போகட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கீழே வந்து சண்டை பிடிப்பீர்கள். சர்க்கரையைச் சொல்லிவிட்டால் சர்க்கரைக்கு அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் ஆகாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிர் போகும் அவசரம் என்றால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் பெரும்பாலான பாலிசிகள் கொடுக்கும். வழக்கமான பரிசோதனை, மாத்திரை எதுவும் அதில் வராது. ஆறு மாத மாத்திரையை இங்கேயே டாக்டரிடம் கணக்குப் போட்டு எழுதி வாங்கி, அட்டையோடும் சீட்டோடும் எடுத்துப் போக வேண்டும். சொல்வதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று வரும்போது, "நீ மறைத்தவன்" என்று கம்பெனி கதவைச் சாத்த முடியாமல் போகிறது.

எங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு நாள் இரவு அவருக்கு விலாவுக்குக் கீழே வலி. வாயுத்தொல்லை என்று ஓம வாட்டர் கேட்டார். மகள் கேட்கவில்லை, அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விட்டாள். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருந்தது, கூடவே காய்ச்சல். அனுமதித்து லேசர் வைத்து எடுத்தார்கள். பாலிசி அட்டையின் பின்புறம் இருந்த உதவி எண்ணுக்கு நான் அன்றிரவே பேசி, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அனுமதித்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும் பாலிசிகள் உண்டு.

அங்கே பில் ஒரே தாளில் வராது தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அவசரப் பிரிவு டாக்டருக்கு ஒன்று, ஸ்கேன் படம் படித்தவருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் தபாலில் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் டாலரை நெருங்கியது. என் வீட்டுக்காரர் முதல் கவரைப் பார்த்ததும் நாகலூர் தோட்டத்துக்கு இன்றைக்கு என்ன விலை போகும் என்று கேட்டார்.

பிறகு கம்பெனியிலிருந்து கடிதம். மருத்துவ விவரங்களைப் பெற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, சேலத்தில் பார்க்கும் டாக்டரின் சான்று, பழைய மருந்துச் சீட்டுகள், இதற்கு முன் கல் வந்ததுண்டா என்ற விளக்கம். நீங்கள் எடுத்தாலும் இதைக் கேட்பார்கள், பயந்துவிடாதீர்கள். அஸ்தம்பட்டி டாக்டர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சீட்டையும் நான் தேதி வாரியாகக் கோப்பில் கோத்து வைத்திருக்கிறேன். அண்ணன் மகனை வீட்டுக்குப் போகச் சொல்லி, பீரோவைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பச் செய்தேன். எல்லாச் சீட்டிலும் சர்க்கரை மாத்திரை இருந்தது. எங்கள் படிவத்திலும் "உண்டு" என்றுதான் இருந்தது. கல் பற்றிப் பழைய பேச்சு எங்கும் இல்லை. நாங்கள் கைக்காசாகக் கொடுக்க வேண்டிய முதல் நூறு டாலர் போக, மிச்சத்தைக் கம்பெனியே ஆஸ்பத்திரியோடு பேசி முடித்தது. கொழுந்தனார் கையில் படிவம் போயிருந்தால் அதே சீட்டுகள் எங்களுக்கு எதிர்ச் சாட்சியாகியிருக்கும்.

இப்போது உங்கள் ஐம்பதாயிரத்துக்கு வருகிறேன். அட்டையில் இருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விற்கும் பல பாலிசிகளில் உள்ளே ஓர் அட்டவணை இருக்கும். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு மொத்தம் இவ்வளவு, மயக்க மருந்து டாக்டருக்கு அதில் கால் பங்கு என்று. மேலே ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருந்தாலும் உள்ளே ஒவ்வொன்றும் அங்கங்கே முட்டி நின்றுவிடும். அந்த அட்டவணை இல்லாத பாலிசி கேளுங்கள். அது கிடைத்தால், ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் உள்ள பிரீமிய வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஒரு லட்சமே எடுங்கள்.

அமெரிக்கக் கம்பெனியிலேயே எடுப்பதுதான் நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் சம்பந்தியே அந்தக் கட்சி. அங்கேயும் இரண்டு வகை இருக்கிறது. ஒவ்வொரு செலவுக்கும் இவ்வளவுதான் என்று கட்டிவைத்த மலிவான வகை ஒன்று, கைக்காசு போக மீதியை வரம்பு வரை கொடுக்கும் விலை கூடிய வகை மற்றொன்று. இரண்டாவதில், பழைய நோய் திடீரென்று முற்றினால் அதற்கும் ஓரளவு கொடுப்பார்கள். வயது கூடக் கூட அந்த வசதி சுருங்கும். ஆஸ்பத்திரிகளுக்கு அவர்கள் பெயர் பழக்கம் என்பதும் உண்மை. நான் உள்ளூர்க் கம்பெனிப் பக்கம் நின்றதற்குக் காரணம், தகராறு வந்தால் காசு செலவில்லாமல் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அமெரிக்கக் கம்பெனி மேல் புகார் என்றால் அம்மாபேட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைத் தேடுவது? உங்கள் அண்ணன் கெட்டிக்காரராக இருந்து, அங்கேயே இருந்து சண்டை போடத் தயார் என்றால், உங்களுக்கு என் காரணம் பொருந்தாது.

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. அதனால்தான் பலர் எடுக்காமலே போகிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ, பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருடக் காப்பீடு காட்ட வேண்டும். அவை வேறு கணக்கு. விமான டிக்கெட் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு கட்டம் வந்து "காப்பீடு சேர்க்கவா?" என்று கேட்குமே, அதில் பெட்டி தொலைவதற்கும் விமானம் தாமதமாவதற்கும்தான் அக்கறை அதிகம். அதை நம்பி ஆறு மாதம் போகாதீர்கள்.

விமானம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காமலாபுரத்தில் விமான நிலையம் வைத்திருக்கும் ஊர் இது. 2018இல் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. வந்தும் என்ன, சர்வதேச விமானத்தின் நேரத்துக்கு அது ஒத்துவந்தால்தானே. நாங்கள் பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குத்தான் போனோம். இரவில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஏறிய அந்தக் கொஞ்ச நேரம்தான் என் பயணத்திலேயே அபாயமான பகுதி. வெளிநாட்டில் நடப்பதற்குத்தான் எங்கள் பாலிசி. அங்கே மல்லாந்திருந்தால் அது ஒரு பைசா கொடுத்திருக்காது.

உங்கள் தேதிகளைப் பாருங்கள். பயண பாலிசிகளை நம் ஊரில் பெரும்பாலும் 180 நாள் வரை விற்கிறார்கள், அதையே ஆறு மாதம் என்று ஏஜென்டுகளும் சொல்கிறார்கள். மே 1 முதல் அக்டோபர் 31 வரை எண்ணினால் 184 நாள் வருகிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் அங்கே இறங்கியதும் குடியேற்ற அதிகாரிதான் ஐ-94 பதிவில் போடுவார். பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள். பாலிசி நீட்டிப்பை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நடுவில் ஒரு கிளெய்ம் ஆகியிருந்தால் கம்பெனி மறுக்கலாம். ஒன்று, திரும்பும் டிக்கெட்டை அக்டோபர் 26க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மீதி நாட்களுக்கும் சேர்த்து இங்கேயே, கிளம்புவதற்கு முன், எழுத்தில் வாங்குங்கள்.