டெர்மினலில் ஓடுகிறது, ஸ்கிரிப்டில் ஓடவில்லையே?

கேள்வி: அண்ணே, குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். உபுண்டு கம்ப்யூட்டர். எடைக்கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றும் நீளமான ஆர்சிங்க் கட்டளைக்கு 'பேக்கப்' என்று அலையஸ், அதாவது சுருக்கப்பெயர், வைத்திருக்கிறேன். டெர்மினலில் அடித்தால் ஓடுகிறது, பாஷ் ஸ்கிரிப்டில் போட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஏன்?

பதில்: தம்பி, உங்கள் கட்டளையில் தப்பே இல்லை. நம்ம ஊர்ல ஒருத்தரோட வட்டப்பெயர் தெருவுக்கே தெரியும், புதுசா வந்த தபால்காரருக்குத் தெரியாது இல்லையா, அலையஸும் அப்படித்தான். ஸ்கிரிப்டை ஓட்டும்போது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற புரோகிராம் புதிதாக ஒன்று கிளம்புகிறது, அது உங்கள் அலையஸ் எழுதியிருக்கும் பாஷ்ஆர்சி என்ற அமைப்பு ஃபைலைப் படிப்பதில்லை.

சரி, அலையஸ் வரியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதினால்? அப்பவும் ஓடாது. ஆள் உட்கார்ந்து டைப் செய்யாத இடத்தில் பாஷ் அலையஸை முழுக் கட்டளையாக விரிப்பதில்லை, 'எக்ஸ்பாண்ட் அலையஸஸ்' என்ற ஆப்ஷனை 'ஷாப்ட்' என்ற கட்டளை மூலம் நாமே ஆன் செய்தால்தான் விரிக்கும். ஆனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷுக்குப் பதில் 'எஸ்ஹெச்' என்று இருந்தால் உபுண்டுவில் ஓடுவது பாஷ் போன்ற இன்னொரு புரோகிராமான டாஷ், அது ஸ்கிரிப்டுக்குள் எழுதிய அலையஸை விரித்துவிடும். "எனக்கு ஓடுதே" என்று யாராவது சொன்னால் அந்த முதல் வரியைப் பாருங்கள்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு விஷயம். அழிக்கும் முன் கேட்கட்டும் என்று ஃபைலை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்கு 'ஐ' ஆப்ஷன் சேர்த்து அலையஸ் வைத்திருப்போம். அதை நம்பி நான் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினேன், அது ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு மாத பில் ஃபைல்களை அழித்துவிட்டது. ஸ்கிரிப்டில் அந்த 'ஐ' ஆப்ஷனை வெளிப்படையாக எழுதுங்கள், தயவுசெய்து.

உங்களுக்கு வேண்டியது ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு, பாஷ் கையேடும் அநேகமாக எல்லாத் தேவைக்கும் அதையே சொல்கிறது. பேக்கப் என்று பெயர், வெறும் அடைப்புக்குறி, நெளிவு அடைப்புக்குள் ஆர்சிங்க் வரி, அவ்வளவுதான். அதைத் தனி ஃபைலில் வைத்து, பாஷ்ஆர்சியிலும் ஸ்கிரிப்டிலும் 'சோர்ஸ்' கட்டளையால் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பாஷ்ஆர்சிக்குள்ளேயே எழுதி ஸ்கிரிப்டிலிருந்து அதை இழுத்தால் பயனில்லை, உபுண்டு தரும் பாஷ்ஆர்சி, இன்டராக்டிவ் (ஆள் உட்கார்ந்து டைப் செய்யும் முறை) இல்லையென்றால் ஆரம்பத்திலேயே திரும்பிவிடும். அப்புறம், பழைய அலையஸ் வரியை முதலில் நீக்குங்கள். அதே பெயரில் அலையஸ் இருக்கும்போது ஃபங்ஷனை எழுதினால் சின்டாக்ஸ் எர்ரர்தான் வரும். புது டெர்மினல் திறந்து 'டைப் பேக்கப்' என்று அடித்தால் இப்போது அது அலையஸா, ஃபங்ஷனா என்று பாஷே சொல்லிவிடும்.