நடைபாதையும் பெரும்பாக்கமும்

கேள்வி: எங்கள் பகுதியில் குடும்பங்கள் நடைபாதையிலேயே படுத்துறங்குகின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த வழியாக நடக்கப் பெண்கள் அஞ்சுகிறார்கள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அரசு ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியிருக்கும்போது, இவர்களை அங்கே அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லதுதானே? (வாசகி ஒருவர், பாரிமுனை, சென்னை)

பதில்: உங்கள் அச்சத்தைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் நீங்கள் கடந்துபோகும் அந்த நடைபாதையில், கதவும் தாழ்ப்பாளும் இல்லாமல் விடியும்வரை கிடந்தாக வேண்டிய பெண்ணைவிட அந்தத் தெருவுக்கு அஞ்சுபவர் யார்? வயதுவந்த மகளை நடுவில் கிடத்தி இருபுறமும் பெற்றோர் படுப்பதும், ஊர் எழுவதற்கு முன் குளித்துவிட வேண்டும் என்பதற்காக இருட்டிலேயே எழுவதும் அங்கே அன்றாட வழக்கம். தெருவிளக்கு, இரவு ரோந்து, கட்டணமில்லாக் கழிப்பறை ஆகியவற்றை நீங்கள் கேட்டிருந்தால் அவர்களும் உங்களுடன் சேர்ந்து கேட்டிருப்பார்கள்.

'அனுப்பிவிடுவது' என்பது புதிய யோசனையும் அன்று. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தன் தொடக்க ஆண்டுகளில் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் மக்கள் வாழ்ந்த மண்ணிலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற வாரியத்தின் பார்வை நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் திரும்பியது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதற்கும் பின்னர் பெரும்பாக்கம் என்று வரிசையாக எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைப் பாதுகாப்பின் பெயரால் கொண்டுபோய் இறக்கிய பெரும்பாக்கம், மழைக்காலத்தில் தானே நீர் சூழும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதுமே வேலை தர மறுக்கிறார்கள் என அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். உங்கள் தெருவில் இன்று இருக்கும் அச்சம் அங்கே ஓர் ஊரின் பெயர்மீதே ஒட்டிக்கொண்டது.

பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். உங்கள் பகுதிக் கடைகளுக்கு விடியற்காலையில் மூட்டை இறக்குபவரும், மூன்று சக்கர வண்டி மிதிப்பவரும், பூக்கட்டி விற்பவரும் முதல் பேருந்தைப் பிடித்து வருவதற்குள் அன்றைய வேலை வேறொருவர் கைக்குப் போயிருக்கும். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்வது வீட்டின்மேல் வெறுப்பு கொண்டு அன்று. பிழைப்பு அங்கே இருக்கிறது, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் நகரத்தில் அதற்குப் பக்கத்தில் ஓர் அறைகூட அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதே கணக்கெடுப்பில் வீடற்றோராகப் பதிவானவர்கள் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். ஆகவே எத்தனை வீடு கட்டினோம் என்பதோடு, எங்கே, எந்த வாடகைக்கு என்பதையும் கேட்டாக வேண்டும்.

நகரங்களில் லட்சம் மக்களுக்கு வீடற்றோர் தங்கும் காப்பகம் ஒன்று, அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்குவதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே ஆணையிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம் எந்த வாசலில் நுழையும்? குடும்பங்களுக்கான காப்பகமும், குறைந்த வாடகைக் குடியிருப்பும் வடசென்னையிலேயே அமைய வேண்டும். கட்டினால் கைபட்டு உதிராத சுவராகவும் கட்ட வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்டு உதிர்ந்ததை 2021இல் பார்த்தோமே.

அப்படியொரு கட்டடம் உங்கள் பக்கத்துத் தெருவில் வருவதாக அறிவிப்பு வந்தால், மறுநாளே எதிர்ப்பு மனுவுடன் யாராவது உங்கள் வீட்டு மணியை அழுத்துவார்கள். அதில் கையெழுத்திடுவீர்களா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.