பதில்: க்யூடாக்ஸ்ல நேரடி இணைப்பு வரமாட்டேங்குது (குடியாத்தம் – ஆரணி)

வணக்கம் தம்பி. ஆரணியில இருக்கற அக்காவுக்கு க்யூடாக்ஸ்ல (ரெண்டு கம்ப்யூட்டர் நேரடியாப் பேசிக்கற, ஃபைல் அனுப்பிக்கற செயலி) கல்யாண வீடியோ அனுப்பினா ஊர்ந்து போகுது, ரவுட்டர்ல அதுக்கான 33445 போர்ட்டை, அதாவது நுழைவாயிலைத் திறந்தும் பலனில்லைன்னு எழுதியிருக்கீங்க. போர்ட்டை அப்புறம் பாக்கலாம். முதல்ல ரவுட்டரோட அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் ஐபி (இணையத்துப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைச்ச முகவரி) என்னன்னு பாருங்க. 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா அது உங்க தனி முகவரி இல்ல, இணைய நிறுவனத்துக்காரங்க ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்காங்க. நீங்க திறந்தது வீட்டுக் கதவு. தெருமுனை கேட் அவங்க கையில.

காட்பாடியில எங்க வீட்லயும் இதேதான். ரெண்டு ராத்திரி போர்ட் மாத்தி மாத்திப் பாத்தேன். ரவுட்டரோட அமைப்புப் பக்கத்துல 100.72-ன்னு இருந்ததைக் கவனிச்சப்புறம்தான் விஷயம் புரிஞ்சது.

வழி ஐபிவி6தான், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பொது முகவரி கொடுக்கற புது முகவரி முறை. ரெண்டு வீட்டு ரவுட்டர்லயும் ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு 2-ல ஆரம்பிக்கற முகவரி வரணும். எஃப்ஈ80 மட்டும் வந்தா அது வீட்டுக்குள்ள மட்டும்தான் உதவும். க்யூடாக்ஸ் அமைப்புகள்ல ஐபிவி6, யூடிபி (நேரடியா அனுப்பறதுக்கான முறை) ரெண்டையும் டிக் பண்ணுங்க, ப்ராக்ஸி (இடையில நிக்கற வேற கம்ப்யூட்டர்) இருந்தா எடுத்துடுங்க. யூடிபி இல்லாட்டி எல்லாமே நடுவுல ஒரு டிசிபி ரிலே, அதாவது வாங்கி அனுப்பற சர்வர் வழியாப் போகும், உங்க வேகம் அங்கதான் அடிபடுது. க்யூடாக்ஸை மூடித் திறந்து சின்ன ஃபைல் ஒண்ணு அனுப்பிப் பாருங்க.

ஐபிவி6 கிடைக்கலன்னா இணைய நிறுவனத்துக்கிட்ட உங்க வீட்டுக்குன்னு நிலையான பொது ஐபி கேளுங்க, தனிக் கட்டணம் இருக்கும். அப்ப 33445 திறந்தது உதவும்.

நேரடி இணைப்புல எதிராளிக்கு உங்க ஐபி தெரியும். அக்காவுக்குப் பரவாயில்ல, முன்பின் தெரியாதவங்களைச் சேக்காதீங்க.