கம்பஸ் பிள்ளை ஒடியல் விற்கலாமோ?

அம்மா,

முகாமைத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கிற மகன், பாடத்துக்கென்று நாலு கூட்டாளிகளோடு சேர்ந்து புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) பக்கற் பண்ணி விற்கிறார், உங்களிடம் 15,000 ரூபாய் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும்’ என்று சொல்லி வளர்த்த ஊர். உங்களுக்கு நெஞ்சு பதறுவது விளங்குகிறது. ஆனால் இதனால் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கிற வழி அடைபடாது. பட்டம் அதே பட்டம்தான்.

உண்மையில் அவர் எடுத்த சரக்கு லேசானதில்லை. பனங்கிழங்கு கிண்டுவது தை, மாசியில். அவித்துக் காயவைத்ததை அந்தப் பருவத்திலேயே வாங்கி வைக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் வந்து அள்ளிக்கொண்டு போவதோ ஆடி, ஆவணியில் வருகிற நல்லூர்த் திருவிழாவை ஒட்டி. இடையில் ஐந்தாறு மாதம் காசு மூட்டைக்குள் கிடக்கும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு விழும். ‘தொழிற்படு மூலதனம்’ (வியாபாரத்தை அன்றாடம் ஓட்டத் தேவையான காசு) என்று விரிவுரையில் எழுதிப் பாடமாக்கியது அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது விலையில். கணக்குக்குச் சொல்கிறேன்: சரக்கு 100 ரூபாய், பையும் லேபலும் 20. 150க்கு விற்றால் 30 லாபம் என்று துள்ளுவார்கள். கடைக்காரர் 15 சதவீதம் எடுத்தால் 22.50 போய்விடும். மிஞ்சுகிற 7.50க்குள் பஸ் காசு, விற்காமல் திரும்பி வருகிற பக்கற், இரவிரவாகப் பை ஒட்டிய கூலி எல்லாம் அடங்கவேண்டும். லேபலில் நிறை, உள்ளடக்கம், திகதிகள், விலாசம் இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.

15,000ஐ முழுதாகக் கொடுக்காதீர்கள். 5,000 கொடுங்கள், அதுவும் கடனாக. வரவு செலவைக் கொப்பியில் எழுதி ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டச் சொல்லுங்கள். நட்டம் வந்தால் ஏசவேண்டாம். அதை மூட இன்னொரு 5,000 நீட்டவும் வேண்டாம். மற்ற நாலு பேரும் எவ்வளவு போட்டார்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் ஓடித் திரிய, மிச்சப் பேர் அறிக்கையில் கையெழுத்து மட்டும் வைத்த குழுக்களையும் கண்டிருக்கிறேன்.

சொந்தக்காரர் சந்தையில் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர்களை விடுங்கள். ஒருநாள் வெள்ளென யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு நீங்களே போய், மகன் விலை சொல்வதைத் தள்ளிநின்று பாருங்கள். பிறகு கிட்டப் போய் ஒரு பக்கற் எடுத்து, பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.