"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடம் வாசிக்க ஆரம்பிச்சா ரெண்டு வரிக்கு ஒருதடவை நின்னு அர்த்தம் கேக்குறாங்க, நானும் சொல்லிட்டே போறேன், ஆனா அடுத்த வாரம் அதே சொல் வந்தா திரும்பவும் முழிக்கிறாங்க. நான் அர்த்தம் சொல்றது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா, ஆனா உடனே சொல்லிடாதீங்க. முதல்ல சொல்லையே பிரிச்சுப் பார்க்க விடுங்க, தமிழ்ல பாதி சொல் தெரியாத சொல்லே கிடையாது, தெரிஞ்ச ரெண்டு சொல் ஒட்டிக்கிட்டு முகம் மாறி நிக்குது அவ்வளவுதான். என்கிட்ட படிச்ச ஒரு பையன் "பேரலை"யைப் பார்த்துட்டு, அலைக்கு ஏதோ பேர் வச்சிருக்காங்க டீச்சர்னு சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா பேர், அலைன்னு சரியா பிரிச்சுட்டான்ல! நான் ஒண்ணும் சொல்லாம போர்டுல பேரொலி, பேரழகு, பேரிடி இந்த மூணையும் எழுதினேன், கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தவன் "பெரிய அலை"ன்னு கத்தினான். பெருமை பிளஸ் அலைங்கிற இலக்கணமெல்லாம் பிறகு வரட்டும். அன்னைக்கே "தண்ணீர்"ல இருக்கிற "தண்"ணுக்கு குளிர்ச்சின்னு அர்த்தம்னு சொன்னேன், தினமும் வாயில வர்ற சொல்லுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கான்னு வகுப்பே ஆச்சரியப்பட்டுச்சு, தண்ணிலவு வந்தப்ப யாரும் அர்த்தம் கேக்கல.

பிரிக்க முடியாத சொல்லா இருந்தா சுத்தி இருக்கிற வரியைப் பார்க்கணும், இதுல ஒரு ஆபத்து இருக்கு. "அவன் ஏளனமாகச் சிரித்தான்"னு வரும், சிரிச்சான்ல, அப்போ சந்தோஷமான்னு பசங்க சொல்லிடுவாங்க. இது அந்த வரிக்குப் பொருந்துது, ஆனா தப்பு. அடுத்த வரி "அவள் முகம் வாடிப்போனது"ன்னு இருக்கும். சந்தோஷமா சிரிச்சா அவ முகம் ஏன் வாடணும்னு கேளுங்க, அவங்களே கிண்டல்ங்கிற இடத்துக்கு வந்துடுவாங்க. ஊகிக்கச் சொல்லிட்டு விட்டுடுறது பெரிய தப்பு, ஊகிச்சதை அந்த இடத்துல வச்சு திரும்ப வாசிச்சு ஒட்டுதான்னு பார்க்கணும், அதுக்கப்புறம் நீங்க தாராளமா அர்த்தத்தை உறுதிப்படுத்துங்க.

அடுத்த வாரம் மறந்துடுறாங்கன்னு வருத்தப்படாதீங்க, அது இயல்புதான். ஸ்வான்போர்ன், டி க்ளாப்பர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க, சும்மா வாசிக்கும்போது எதிர்ப்படுற புது சொற்கள்ல சராசரியா 15 சதவீதம்தான் மனசுல தங்குதாம். அதனால பேரலையை ஒரு பாடத்தோட விட்டுடாம ரெண்டு மூணு வாரம் வேற வேற வாக்கியத்துல கண்ணுல படுற மாதிரி பண்ணுங்க.

கேள்வி: அக்கா, என் பையன் கதைப் புத்தகம் வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் போன்ல அர்த்தம் தேடுறான், பக்கம் முடியறதுக்குள்ள கதையே மறந்து போயிடுது. தேட விடலாமா?

பதில்: முதல்ல அந்தப் புத்தகம் அவனுக்கு ஏத்ததான்னு பாருங்க. ஹூவும் பால் நேஷனும் 2000ல, ஆங்கிலத்தை இன்னொரு மொழியா கத்துக்கிறவங்களை வச்சு செஞ்ச ஆய்வுல, துணையில்லாம ஒரு கதை நல்லா புரியணும்னா கிட்டத்தட்ட 98 சதவீத சொற்கள் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னாங்க, அதாவது நூறு சொல்லுக்கு ரெண்டு தெரியாம இருக்கலாம். பத்து தெரியலைன்னா அவன் எதை வச்சு ஊகிப்பான் பாவம், சுத்தி இருக்கிறதும் தெரியாத சொல்லாச்சே! அந்தப் புத்தகத்தை நீங்க சேர்ந்து உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க, தனியா வாசிக்க கொஞ்சம் லேசானதைக் கொடுங்க. தெரியாத சொல்லுக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டுட்டு கதையை முடிக்கட்டும், பிறகு எது இல்லாம கதை புரியலையோ அதை மட்டும் அகராதில பார்க்கட்டும்.

கேள்வி: எக்ஸாம்ல தெரியாத சொல் வந்தா பதட்டமாயிடுது டீச்சர், என்ன பண்றது?

பதில்: கண்ணு, சொல்லோட வால் பகுதியைப் பாரு. "மழை வலுத்ததும் குருவிகள் கூட்டுக்குள் ஒடுங்கின"ன்னு வருதுன்னு வை, "ஒடுங்கின"ல இருக்கிற அந்தக் கடைசி "ன" குருவிங்க ஏதோ செஞ்சதுன்னு சொல்லிடுது. மழைல கூட்டுக்குள்ள போன குருவி என்ன செய்யும், உடம்பைக் குறுக்கிட்டு அடங்கி உக்காரும்ல, அதை வச்சே விடையை எழுது.