எண்ணெய் வாடையும் நிலவறைத் தொட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகள் பல இன்றும் தொட்டியில் நிரப்பி, ஃபர்னஸ் என்னும் சூடேற்றும் உலையில் எரிக்கும் ஹீட்டிங் ஆயிலைக் கொண்டே குளிர்காலத்தைக் கடக்கின்றன. மெய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய வீடுகளுக்குப் புதிதாகக் குடிபோனவர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை வாடையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. வாடை எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனித்து எழுதியவர்களுக்கு உறுதியான பதில் சொல்ல முடிகிறது. "எப்போதும் ஏதோ வாடை" என்று மட்டும் எழுதியவர்கள் முதலில் ஓரிரு நாள் கவனித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நிரப்பிவிட்டுப் போய் மூன்று நாளாகிறது. நிலவறையில் இன்னும் வாடை அடிக்கிறது. இது இயல்புதானா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (கனெக்டிகட்)

நிரப்பிய நாளன்று சற்று வாடை இருப்பது இயல்பு. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். லாரியிலிருந்து எண்ணெய் உள்ளே பாயும்போது தொட்டியில் இருந்த காற்று வென்ட் குழாய் வழியாக வெளியேறும். அந்தக் காற்று தொட்டியின் மேலே பொருத்தியிருக்கும் ஊதல் வழியாகப் போவதால் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். எண்ணெய் ஊதலின் அடிமட்டத்தைத் தொட்டதும் சத்தம் நின்றுவிடும். ஓட்டுநர் நிறுத்த வேண்டிய தருணம் அதுவே. ஊதல் பழுதாகியிருந்தாலோ, அவர் கவனிக்கத் தவறினாலோ, எண்ணெய் வென்ட் குழாய்க்குள் ஏறி வெளிச்சுவரில் வழிந்திருக்கலாம், அல்லது அந்த அழுத்தத்தில் தொட்டியின் மேலுள்ள அளவுகாட்டியின் வளையத்தைத் தாண்டிப் பிதுங்கியிருக்கலாம்.

வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து அளவுகாட்டியைச் சுற்றியும், தொட்டியின் அடிப்புறத்திலும், வால்விலும், ஃபில்டர் கிண்ணத்தின் விளிம்பிலும், குழாய் இணைப்புகளிலும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். வீட்டு எண்ணெயில் வரி அடையாளத்துக்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடக் காகிதத்தில் இளஞ்சிவப்பாகப் பதியும். அண்மையில் சர்வீஸ் நடந்திருந்தால் ஃபில்டர் கிண்ணத்தின் வாஷரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பெட்ரோலைப் போல இந்த எண்ணெய் உடனே தீப்பற்றக்கூடியது அல்ல. ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். அதனால் வெடித்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் ஆவி தலைவலியையும் குமட்டலையும் தரும் என்பதால் குழந்தையை மேல்தளத்தில் வைத்திருங்கள், நிலவறைக் கதவை மூடி அதன் ஜன்னலைத் திறந்து விடுங்கள், எண்ணெய் நிறுவனத்தை இன்றே அழையுங்கள்.

ஃபர்னஸ் ஓடும்போது மட்டும், அதுவும் மாலை வேளைகளில் மட்டும், புகையும் எண்ணெயும் கலந்த வாடை வருகிறது. டெக்னீஷியன் பகலில் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். (மாசசூசெட்ஸ்)

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், அண்மையில் சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஹூட் மாற்றியதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் ஐயம் அதன் மீதுதான்.

ஃபர்னஸில் எண்ணெயை எரிக்கும் பர்னருக்குக் காற்று வேண்டும். எரிந்த புகை சிம்னி வழியே மேலே போக வேண்டும். தாளிப்பு நெடியையும் பொரியல் புகையையும் இழுக்கத் தோதாக வாங்கும் பலமான ஹூட், அதே வேளையில் துணி உலர்த்தி, குளியலறை விசிறி ஆகியவை சேர்ந்து ஓடினால், நன்றாக அடைத்துக் கட்டிய வீட்டில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிடும். அப்போது வீடு தனக்கு வேண்டிய காற்றைச் சிம்னி வழியாகவே கீழே இழுக்கும். மேலே போக வேண்டிய புகை, இழுவையைச் சீராக்கப் புகைக்குழாயில் தொங்கும் டாம்பர் தட்டின் வழியாக அறைக்குள் வரும். பகலில் யாரும் சமைக்காத நேரத்தில் வந்த டெக்னீஷியனின் கண்ணில் இது படாததில் வியப்பில்லை.

கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னல்களை மூடி, ஹூடையும் உலர்த்தியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஃபர்னஸ் எரிந்து சில நிமிடங்கள் ஆனதும் அந்த டாம்பர் அருகே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புகை டாம்பருக்குள் இழுபட வேண்டும். உங்களை நோக்கித் தள்ளப்பட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, எரிகருவி உள்ள வீட்டில் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கும் ஹூடுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும் என்கிறது. அந்த வழி அமையும்வரை சமைக்கும்போது ஒரு ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அறைக்குள் வரும் புகையோடு வாடையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு தளத்திலும் அதற்கான அலாரம் இருக்கிறதா, அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதை இன்றிரவே பாருங்கள்.

ஹூடை நிறுத்தியும் வாடை நீடித்தால் பர்னரைப் பார்க்க வேண்டும். எண்ணெயைப் பனித்திவலையாகத் தெளிக்கும் நாசிலில் அடைப்பு, தீப்பொறி தரும் மின்முனைகளின் தேய்மானம், பர்னர் நின்ற பின்னும் நாசிலிலிருந்து சொட்டும் எண்ணெய் ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். தொடங்கும்போது "டப்" என்று ஒரு சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் பற்றும் எண்ணெய் ஒருநாள் வீடு முழுவதும் கரியை வாரி இறைத்துவிடும்.

ஃபர்னஸ் நின்றுபோனால், அதை மீண்டும் இயக்கும் சிவப்பு பட்டனை எத்தனை முறை அழுத்தலாம்? (நியூ ஹாம்ப்ஷயர்)

ஒரே ஒரு முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பற்றாத எண்ணெய் எரியறைக்குள் தேங்கும். கடைசியில் எப்போதாவது பற்றிக்கொள்ளும்போது அவ்வளவும் ஒன்றாக எரியும். முதல் முறையில் இயங்கவில்லை என்றால் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டெக்னீஷியனை அழையுங்கள். நீங்கள் ஏற்கெனவே பலமுறை அழுத்தியிருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது ஒரு குவளை அளவு எண்ணெய் நிலவறைத் தரையில் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு, சாம்பிராணியும் போட்டுப் பார்த்தோம், வாடை போகவில்லை. துணிகளிலும் ஏறிவிட்டது. (மாசசூசெட்ஸ்)

சாம்பிராணி வாடையை மறைக்குமே தவிர எண்ணெயை எடுக்காது. கான்கிரீட் நுண்துளைகள் நிறைந்தது. மேலே துடைத்த பின்னும் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். பூனை மணல் என்று கடைகளில் விற்கும் களிமண் துகளைக் கறையின் மீது தடிமனாகப் பரப்பி, காலால் நன்றாக மிதித்து நசுக்கி, ஓர் இரவு முழுவதும் விட்டு, மறுநாள் கூட்டி அள்ளுங்கள். துகள் கறையற்று வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதன் பிறகே பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு தேய்க்க வேண்டும். அந்த நீரையும் துகளாலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். தரை வடிகாலிலோ, நிலவறையில் ஊறும் நீர் சேரும் சம்ப் குழியிலோ ஒரு சொட்டும் போகக் கூடாது, ஏனெனில் அங்கிருந்து அது மண்ணுக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும். அள்ளிய துகளை நகராட்சியின் அபாயகரக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். எண்ணெயை எடுக்காமல் தரைக்குப் பெயின்ட் அடிப்பது பயனற்ற வேலை.

எண்ணெய் பட்ட துணியை எக்காரணம் கொண்டும் உலர்த்தியில் போடாதீர்கள்; அதன் சூட்டில் துணியிலுள்ள எண்ணெய் தீப்பற்றலாம். பாத்திரத் திரவத்தில் ஊறவைத்துத் தனியாகத் துவைத்துக் கொடியில் காயப்போட்டு, வாடை முற்றிலும் போகும்வரை மீண்டும் துவையுங்கள்.

ஒரு குவளையை வீட்டிலேயே சமாளிக்கலாம். ஆனால் உங்கள் மாநிலத்தில் 10 கேலன் அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணெய் சிந்தினால் 2 மணி நேரத்துக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

பழைய வீடு ஒன்றை வாங்கவிருக்கிறோம். தொட்டிக்குப் புதிதாகச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்; பார்க்க நன்றாக இருக்கிறது. (ஒன்டாரியோ)

புதிய பெயின்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். எண்ணெயைவிட நீர் கனமானது. காற்றின் ஈரம் தொட்டிக்குள் வியர்த்து அடியில் தேங்கி, கசடோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளக்கும் தொட்டியின் அடித்தகடு உள்ளே தேய்ந்துபோயிருக்கலாம். தொட்டியின் தகட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் படியுங்கள்; பெயின்ட் அதை மறைத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து தரும்படி கேட்கலாம்.

ஒன்டாரியோவில் எண்ணெய் விநியோகிக்கும் நிறுவனம், குறைந்தது பத்தாண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை நடந்திருந்தால் மட்டுமே ஒரு வீட்டுக்கு எண்ணெய் தரலாம். ஆண்டுதோறும் பராமரிப்பும் கட்டாயம். இரண்டுக்குமான அறிக்கைகளை விற்பவரிடம் கேட்டு வாங்கி, கையெழுத்திடும் முன்பே உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டுங்கள். தொட்டியின் வயதைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுப்பவர்கள் உண்டு. எண்ணெய்க் கசிவால் மண் கெடுவதைச் சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். தொட்டியிலிருந்து ஃபர்னஸுக்குப் போகும் செப்புக் குழாய் உறையின்றிக் கான்கிரீட்டுக்கு அடியில் போனால், அது அரித்துக் கசிவது ஒருவர் கண்ணிலும் படாது. இதற்காகவே மாசசூசெட்ஸ், பாதுகாப்பு உறையோ கசிவைத் தடுக்கும் வால்வோ இல்லாத வீடுகள் 2011 செப்டம்பருக்குள் அதைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. அடுத்து, வெளிச்சுவர் ஓரமாகவோ தோட்டத்திலோ எதற்கென்று தெரியாத இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், மண்ணுக்குள் பழைய தொட்டி ஒன்று புதைந்திருக்கலாம். அதைத் தோண்டி எடுத்து மண்ணைச் சோதிக்கும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு மாறிவிட்டோம். தொட்டியை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா? (நோவா ஸ்கோஷியா)

போதாது. வெளிச்சுவரில் இருக்கும் நிரப்பும் குழாயையும் வென்ட் குழாயையும் முழுமையாக அகற்றிச் சுவரை அடைத்துவிட வேண்டும். தொட்டி போய்க் குழாய் மட்டும் மிஞ்சிய வீட்டில், முகவரி மாறிவந்த லாரி நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை நேராக நிலவறைத் தரையில் இறக்கிய விபத்துகள் உண்டு. மூடியைப் பூட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் இதற்கு மாற்று அல்ல. நிறுவனத்துக்குக் கணக்கை முடித்ததாக எழுத்தில் தெரிவித்து, தானியங்கி விநியோகப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

தொட்டி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கடுங்குளிரில் ஃபர்னஸ் நின்றுவிடுகிறது. (மெய்ன்)

வீடுகளுக்கு வழக்கமாக வரும், 2ஆம் எண் எனப்படும் ஹீட்டிங் ஆயிலில் ஏறத்தாழ −9 பாகை செல்சியஸிலேயே மெழுகு திரளத் தொடங்கி, முதலில் ஃபில்டரையும் பிறகு மெல்லிய குழாயையும் அடைக்கும். கெரசின் கலந்த குளிர்கால எண்ணெயைப் பருவம் தொடங்கும் முன்பே கேட்டு நிரப்புங்கள். உறைந்த பிறகு மேலே ஊற்றினால் அது அடியிலுள்ள குழாயைப் போய்ச் சேராது. ஃபில்டரை வீட்டுக்குள் மாற்றிப் பொருத்துவதும், அகலமான குழாய் போடுவதும் நிலையான தீர்வுகள். உறைந்த குழாயைத் தீப்பந்தத்தாலோ புளோ டார்ச்சாலோ சூடாக்காதீர்கள். ஹேர் டிரையரின் சூடே போதும்.