வேர்ட் டேபிள் தகராறுகள்: கேள்வி பதில்

கேள்வி: டேபிள் செல்லில் (கட்டத்தில்) 'அலைன் சென்டர்' கொடுத்தும் எழுத்து மேலேயே ஏறி நிற்கிறது. ஏன் சார்?

பதில்: வரிக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் வேர்ட் நடுவைக் கணக்கிடும். வேர்ட் 2013 முதல் சாதாரணப் பத்திக்குக் கீழே 8 பாயின்ட் தானாக விழுகிறது. வேறு ஃபைலிலிருந்து ஒட்டும்போது பெரும்பாலும் அதுவும் கூடவே வந்துவிடும். டேபிளை முழுதாக செலக்ட் செய்து, பாராகிராஃப் பெட்டியில் பிஃபோர், ஆஃப்டர் இரண்டையும் 0 ஆக்குங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் யாரோ தட்டிய என்டர் ஒன்று ஒளிந்திருக்கும். கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்தினால் தெரிந்துவிடும்.

கேள்வி: டேபிளில் ரூபாய்க்கான காலத்தில் (நெடுவரிசையில்) 1,25,000.50, 840, 96.75 மூன்றும் புள்ளிக்கு நேராக நிற்க எத்தனை ஸ்பேஸ் விட வேண்டும்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள்! காலத்தை செலக்ட் செய்து லெஃப்ட் அலைன் கொடுங்கள். ரூலரின் இடது மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியை, 'டெசிமல் டேப்' வரும்வரை கிளிக் செய்யுங்கள். பிறகு புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் ரூலர் மேல் ஒரு கிளிக். டேபிளுக்குள் டேப் தட்டவே தேவையில்லை, எண்கள் தானாகப் போய் நின்றுகொள்ளும். பைசா இல்லாத 840-கூட ஒழுங்காக நிற்கும்.

கேள்வி: நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஸ்டேட்மென்ட் எல்லாம் ஸ்பேஸ் எண்ணித்தான் அடித்தோம், பிரிண்டில் சரியாகத்தானே வருகிறது?

பதில்: மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், எண்ணினால் சரியாக வரும். வேர்டில் நாம் பயன்படுத்தும் பெரும்பாலான ஃபான்ட்டுகளில் ஸ்பேஸின் அகலம் வேறு, எண்ணின் அகலம் வேறு. ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள், கலைந்துவிடும்.

கேள்வி (அவரே): ஃபான்ட்டை ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் மாற்ற வேண்டாம் ஐயா. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேர்டே மாற்றிவிடும். உங்கள் மெஷினிலும் டேப் ஸ்டாப் இருந்ததே, அதை மட்டும் ஏன் மறந்தீர்கள்?

கேள்வி: 'கி', 'கீ' எழுத்துகளின் மேல்பகுதி பாதி வெட்டுப்படுகிறது.

பதில்: லைன் ஸ்பேசிங்கோ வரிசை உயரமோ 'எக்ஸாக்ட்லி'யில் இருக்கும். முதலாவதை 'சிங்கிள்', இரண்டாவதை 'அட் லீஸ்ட்' ஆக்குங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த உயரம் தமிழுக்குப் பற்றாது.

கேள்வி: எழுத்து நடுவில் நிற்காமல் மேலே ஏறுகிறது அண்ணா...

பதில்: முதல் கேள்வி.

கேள்வி: பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்த டேபிளை யூனிகோடுக்கு மாற்றினால் காலம் அகலம் குலைகிறது.

பதில்: மாற்றிய பிறகு அகலம் வையுங்கள், முன்னால் வைத்துப் பயனில்லை. மாற்றித் தரும் கருவி பற்றி ஃபான்ட் ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பேஸுக்குப் பதில் புள்ளி வைத்து அதை வெள்ளை நிறமாக்கினால்?

பதில்: அடுத்த கேள்வி.